பக்கத்தில் அபாயம், எங்கோ அறிவு: வடசென்னைவாசிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மணலி, எண்ணூர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, காசிமேடு. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, உர ஆலைகள், அனல்மின் நிலையங்கள், பெட்ரோல் கிடங்குகள், துறைமுகங்கள் எல்லாம் இந்தப் பக்கத்தில்தான் நெருங்கி நிற்கின்றன. நடுவே கொசஸ்தலை ஆறும் பக்கிங்காம் கால்வாயும் ஓடுகின்றன, கிழக்கே கடல். இங்கே வசிக்கிறவர்கள் கூடிப் பேசும் இடங்களில் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த அளவில் பதில் எழுதியிருக்கிறேன்.

அபாயத்தை மதிப்பிடுவது என்றால் என்ன? அதில் அறிவுக்கு என்ன வேலை?

என்ன நடக்கலாம், நடப்பதற்கு எவ்வளவு வாய்ப்பு, நடந்தால் யாருக்கு என்ன ஆகும் என்ற மூன்று கேள்விகளுக்கு விடை தேடுவதுதான் மதிப்பீடு. நான் இதோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேட்கச் சொல்வேன்: விடை சொன்னவருக்கு அது எப்படித் தெரியும்?

‘இந்தக் குழாய் உடைய வாய்ப்பு மிகக் குறைவு’ என்று இரண்டு பேர் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் போன மாதம் குழாயின் தடிமனை அளந்து பார்த்தவர். மற்றவர் குழாய் பதித்த காலத்து வரைபடத்தை மட்டும் பார்த்தவர். இருவர் வாயிலும் ஒரே வாக்கியம்தான் வருகிறது. ஆனால் அந்தக் குழாயின் பக்கத்தில் குடியிருக்கிறவருக்கு இருவரும் ஒன்றாக முடியாது.

தெரியாதவரை நிம்மதியாகத்தானே இருந்தோம்? தெரிந்து என்ன பயன்?

இந்தக் கேள்வியை அதிகம் கேட்பவர்கள் மணலிக்காரர்கள். அதற்குக் காரணமும் உண்டு.

2020 ஆகஸ்ட் 4 அன்று லெபனான் நாட்டின் பெய்ரூட் துறைமுகத்தில் சுமார் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்தது. இருநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அதன் பிறகுதான், அதே பொருள் ஏறத்தாழ 700 டன் அளவுக்கு மணலியில் ஒரு சரக்குப் பெட்டகக் கிடங்கில் இருப்பது ஊருக்குத் தெரியவந்தது. 2015-இல் சுங்கத் துறை பறிமுதல் செய்த சரக்கு அது. பக்கத்துத் தெருவில் இருந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்துத் தெரிந்துகொண்டவர்கள் பலர்.

அந்த ஐந்து ஆண்டுகளில் கிடங்கும் மாறவில்லை, சரக்கும் மாறவில்லை. ஜூலை மாதம் தூங்கியவர்களுக்கும் ஆகஸ்ட் மாதம் தூக்கம் கெட்டவர்களுக்கும் அபாயம் ஒன்றேதான். விஷயம் வெளியே தெரிந்த பிறகு, ஐந்து ஆண்டுகளாக நகராத சரக்கு சில நாட்களில் லாரி ஏறி ஐதராபாத்துக்குப் போனது. தெரிந்துகொண்டதன் பயன் அதுதான். தெரியாத காலத்து நிம்மதி நமக்குப் பாதுகாப்புத் தரவில்லை. அந்தச் சரக்கை அங்கேயே விட்டுவைத்தவர்களுக்குத்தான் வசதியாக இருந்தது.

அந்த நாட்களில் இன்னொரு அறிவும் தேவைப்பட்டது, அது மக்களுக்குக் கிடைக்கவில்லை. அம்மோனியம் நைட்ரேட் தானாக வெடித்துவிடும் பொருள் அல்ல. தீப்பிடித்து நெடுநேரம் சூடேறுவது, எரிபொருளோ வேறு அசுத்தமோ கலப்பது, காற்றோட்டம் இல்லாமல் அடைந்து கிடப்பது ஆகியவைதான் அதை வெடிமருந்தாக்குகின்றன. எனவே ‘எத்தனை டன்?’ என்று மட்டும் கேட்டால் போதாது. பக்கத்தில் என்ன அடுக்கி வைத்திருக்கிறார்கள், தீயணைப்பு ஏற்பாடு என்ன, கடைசியாக யார் வந்து பார்த்தார்கள் என்றும் கேட்க வேண்டும். பாதி தெரிந்தால் பயம்தான் மிஞ்சும். மீதியும் தெரிந்தால்தான் சரியான கேள்வி பிறக்கும்.

அதிகாரிகள் ‘லட்சத்தில் ஒரு பங்கு வாய்ப்பு’ என்று எண் சொல்லும்போது நாங்கள் என்ன செய்வது?

அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்கலம் வெடித்து ஏழு பேர் இறந்தார்கள். விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மேன், விண்கலம் அழியும் வாய்ப்பு எவ்வளவு என்று பலரிடமும் கேட்டார். நிர்வாகத்தினர் லட்சத்தில் ஒன்று என்றார்கள். கையில் கருவி பிடித்த பொறியாளர்கள் நூற்றில் ஒன்று என்றார்கள். ஒரே விண்கலத்துக்கு ஆயிரம் மடங்கு வித்தியாசத்தில் இரண்டு எண்கள்! நம் ஊர் ஆலைகளிலும் வால்வைத் திருகுகிற ஒப்பந்தத் தொழிலாளிக்குத் தெரிந்தது மேலே போகும் அறிக்கையில் இருக்கிறதா என்பதுதான் என் முதல் சந்தேகம்.

வாய்ப்பைக் கணக்கிட முடிகிற நிலை ஒன்று, கணக்கிடப் போதிய விவரமே இல்லாத நிலை வேறொன்று என்று பொருளியலாளர் ஃபிராங்க் நைட் 1921-இலேயே பிரித்துக் காட்டினார். இரண்டாவது நிலையில் இருந்துகொண்டு முதல் நிலையில் இருப்பதுபோல எண் சொல்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

‘நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம்’ 2015-இல் வந்துவிட்டதே, இனி நம் காலத்தில் வராதுதானே?

வரலாம். எந்த ஓர் ஆண்டிலும் அந்த அளவு வெள்ளம் வர நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதுதான் அதன் பொருள். முப்பது ஆண்டு வீட்டுக் கடன் வாங்குகிறவருக்கு, கடன் முடிவதற்குள் ஒருமுறையாவது அதைப் பார்க்கும் வாய்ப்பு சுமார் 26 விழுக்காடு. அதுவும் மழையின் போக்கு மாறாமல் இருந்தால்.

வாயு கசிந்தால் வாடையிலேயே தெரிந்துவிடாதா?

சில வாயுக்கள் தெரியும், சில தெரியாது. சில வாயுக்கள் முதலில் தெரிந்துவிட்டுப் பிறகு மறைந்துவிடும். இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே உயிர் தப்புவது இந்த வேறுபாடுகளில்தான் இருக்கிறது.

அம்மோனியாவின் நெடி மூக்கைத் துளைக்கும். பாதுகாப்பான அளவில் இருக்கும்போதே பெரும்பாலோருக்குத் தெரிந்துவிடும். பத்து லட்சத்தில் ஒரு பங்கை ஒரு பிபிஎம் என்கிறோம். எட்டு மணி நேர வேலையிடத்துக்கு வைத்திருக்கும் வரம்பு 25 பிபிஎம். 300 பிபிஎம் என்றால் உயிருக்கு ஆபத்தான அளவு. அம்மோனியா காற்றைவிட இலேசானது. ஆனால் குளிரூட்டித் திரவமாக்கிய அம்மோனியா கசியும்போது ஈரப்பதத்தோடு சேர்ந்து வெண்புகையாகத் தரையை ஒட்டியே பரவக்கூடும். ‘இலேசான வாயு, மேலே போய்விடும்’ என்ற பாடப்புத்தக அறிவை மட்டும் நம்பி நின்றால் மாட்டிக்கொள்வோம். அது தண்ணீரில் நன்றாகக் கரையும் என்பது நமக்கு உதவும்: நனைத்த துணியை மூக்கிலும் வாயிலும் அழுத்திக்கொண்டு விலகிச் செல்லலாம். கண் எரிந்தால் ஓடும் தண்ணீரில் குறைந்தது கால் மணி நேரம் கழுவ வேண்டும்.

ஹைட்ரஜன் சல்ஃபைடு அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். கழிவுநீர்க் குழிகளிலும் சுத்திகரிப்பு ஆலைகளிலும் இது உண்டு. இதன் கொடுமை என்னவென்றால், சுமார் 100 பிபிஎம் அளவை எட்டியதும் மூக்கு மரத்துவிடும். நாற்றம் போய்விட்டது, இனி இறங்கலாம் என்று பாதாளச் சாக்கடைக்குள் கால் வைக்கிறவர் அதோடு போய்விடுகிறார். காப்பாற்ற இறங்குகிறவரும் போகிறார். மனிதரை இப்படி இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. இறக்கச் சொல்கிறவர்களுக்கு இந்த வேதியியல் தெரிந்திருக்கிறது, இறங்குகிறவருக்குத் தெரியவில்லை என்றால் அதை விபத்து என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சமையல் வாயுவுக்கு இயற்கையில் வாடை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று மெர்காப்டன் என்ற நாற்றப்பொருளைக் கலக்கிறார்கள். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906 என்ற எரிவாயுக் கசிவு உதவி எண்ணை அழைக்க வேண்டும். குளோரின் காற்றைப் போல இரண்டரை மடங்கு கனமானது. அதற்குப் பள்ளத்தில் ஒதுங்குவது தவறு, மேடான இடத்துக்குப் போவதே சரி.

அப்படியானால் எந்தப் பக்கம் ஓடுவது?

காற்றுக்குக் குறுக்கே. ஆலையிலிருந்து நேர் எதிராக, காற்று அடிக்கும் திசையிலேயே ஓடினால் வாயுவும் கூடவே வரும்.

நம் கரையில் பகலில் கடற்காற்று நிலத்தை நோக்கி வீசும். பின்னிரவில் பெரும்பாலும் நிலத்திலிருந்து கடலை நோக்கித் திரும்பும். பருவத்துக்கேற்பவும் திசை மாறும். அதனால் ஒரே கசிவு மதியம் நடந்தால் ஒரு ஊரையும் நள்ளிரவில் நடந்தால் வேறொரு ஊரையும் தாக்கும். எண்ணூர்க் குப்பங்கள் கடலுக்கும் சாலைக்கும் இடையே நீளவாக்கில் கிடக்கின்றன. கிழக்கு மேற்காகக் காற்று அடிக்கும்போது குறுக்கே போவது என்றால் கரையை ஒட்டி வடக்கிலோ தெற்கிலோ நகர்வது. கொடியில் காயும் சேலை எந்தப் பக்கம் பறக்கிறது என்று பாருங்கள். உயரமான புகைபோக்கியின் புகையை நம்ப வேண்டாம். மேலே காற்றின் திசை வேறாக இருக்கலாம். வெளியேற நேரமில்லை என்றால் உள்ளே போய்க் கதவு ஜன்னலை அடைத்து, ஏசியையும் காற்றாடியையும் நிறுத்தி, இடுக்குகளில் ஈரத்துணி செருகுங்கள்.

நாற்பது வருடமாக இங்கே இருக்கிறோம், ஒன்றும் ஆகவில்லையே. அனுபவத்தைவிடப் பெரிய அறிவு உண்டா?

அடிக்கடி நடப்பவற்றைப் பற்றி அனுபவத்தைவிட நல்ல ஆசிரியர் இல்லை. அபூர்வமாக நடப்பவற்றைப் பற்றி அது வாய் திறக்காது. போபால் ஆலைக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்களும் 1984 டிசம்பர் 2 மாலை வரை அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். அதே ஆலையில் முன்பே கசிவுகள் நடந்திருந்தன. 1981-இல் நச்சுவாயுவால் ஒரு தொழிலாளி இறந்தார். சின்னக் கசிவுகளை ‘ஒன்றும் ஆகவில்லை’ என்ற கணக்கில் எழுதினார்கள். ‘ஏதோ ஆகப்போகிறது’ என்ற கணக்கில் எழுதியிருக்க வேண்டும்.

ஆகவே அனுபவத்தைப் பதிவு செய்யுங்கள். தேதி, மணி, என்ன வாடை, எவ்வளவு நேரம், காற்று எந்தப் பக்கம், யாருக்கு என்ன உபாதை என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் தெருவுக்கு ஒருவர் எழுதிவைத்தால் போதும். ‘அடிக்கடி நாற்றம் வருகிறது’ என்ற மனுவைத் தள்ளிவைப்பது எளிது. தேதியும் மணியும் போட்ட நாற்பது பதிவுகளை ஆலையின் இயக்கக் குறிப்பேட்டோடு ஒப்பிட்டே ஆக வேண்டும். தண்டையார்பேட்டையில் 2013-இல் நிலத்தடி நீரில் பெட்ரோலியம் கலந்ததை முதலில் கண்டுபிடித்தது கருவிகள் அல்ல. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை முகர்ந்து பார்த்த குடும்பங்கள்தான்.

டேங்கர் லாரியின் பின்னால் இருக்கும் பலகையில் என்ன எழுதியிருக்கிறது?

நம் சாலைகளில் தினமும் பார்க்கிறோம், படிப்பதில்லை. அபாயகரமான சரக்கு ஏற்றும் வண்டிகளுக்கு இந்தப் பலகையை மோட்டார் வாகன விதிகள் கட்டாயமாக்கியிருக்கின்றன. பொருளின் பெயர், சாய்சதுர அபாயக் குறி, தொலைபேசி எண், அவற்றோடு ஒரு நான்கு இலக்க எண். அந்த எண் உலகம் முழுவதும் ஒன்றே: 1203 பெட்ரோல், 1075 சமையல் வாயு, 1005 அம்மோனியா, 1017 குளோரின். பக்கத்திலேயே தீயணைப்புப் படையினருக்கான ஒரு குறியீடு இருக்கும். அதன் கடைசியில் ஆங்கில ‘இ’ (E) எழுத்து இருந்தால், சுற்றுப்புற மக்களை வெளியேற்றுவது பற்றி யோசிக்க வேண்டும் என்று பொருள்.

லாரி கவிழ்ந்தால் அருகே போகாமல், தூரத்திலிருந்தே அந்த நான்கு இலக்கத்தைப் படித்து 101-க்கோ 112-க்கோ சொல்லுங்கள். கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்க்கலாம். வருகிற வண்டி தண்ணீரோடு வருவதா நுரையோடு வருவதா என்பதை அந்த ஓர் எண் தீர்மானிக்கும்.

துறைமுகத்தில் 10-ஆம் எண் கூண்டு ஏற்றினால்தானே பெரிய ஆபத்து? 8 என்றால் கொஞ்சம் குறைவுதானே?

இல்லை. 8, 9, 10 மூன்றுமே கடும் புயலுக்கான பெரும் அபாய எச்சரிக்கைகள். புயலின் பாதைக்குத் துறைமுகம் இடப்பக்கமா, வலப்பக்கமா, அல்லது புயல் துறைமுகத்தின் மேலேயோ வெகு அருகிலோ கடக்குமா என்பதில்தான் வேறுபாடு. 5, 6, 7 ஆகியவற்றுக்கும் அதே முறைதான், புயலின் வலிமை மட்டும் குறைவு. 1-உம் 2-உம் தொலைதூரக் கடலில் இருக்கும் நிலையைச் சொல்பவை. 3-உம் 4-உம் இந்தத் துறைமுகத்துக்கே மோசமான வானிலை வருகிறது என்பவை.

எனக்கு மிகவும் பிடித்தது 11. வானிலை எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, வானிலை மோசமாகலாம் என்று உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்பது அதன் பொருள். ‘எங்களுக்கு இப்போது தகவல் இல்லை, நீங்களே கவனமாக இருங்கள்’ என்று ஒரு அரசு அமைப்பு ஊரறிய ஒப்புக்கொள்வதற்கு ஒரு எண்ணையே ஒதுக்கியிருக்கிறார்கள். ஆலை வாசலிலும் இப்படி ஒரு கூண்டு ஏற்றும் நாகரிகம் வர வேண்டும்.

கடலைப் பற்றி மீனவர்களுக்குத் தெரியாதது விஞ்ஞானிகளுக்கு என்ன தெரியும்?

இருவருக்கும் வேறு வேறு தெரியும். வீசுவது வாடைக்காற்றா கொண்டல்காற்றா, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதைக் காசிமேட்டுப் படகோட்டி உடம்பாலேயே அறிவார். 2004 டிசம்பர் 26 காலை ஆறரை மணிக்குச் சுமத்ரா அருகே கடலடி அதிர்ந்தது என்பதை அவர் அறிய வழியில்லை. அலை சென்னைக்கு வந்துசேர ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆனது. நிலநடுக்கம் உலகின் பல ஆய்வகங்களில் பதிவாகியிருந்தது. அந்த இரண்டரை மணி நேரத்தில் அந்த அறிவு ஆய்வகத்திலிருந்து குப்பத்துக்கு வர ஒரு பாதை இருக்கவில்லை. கடல் உள்வாங்கிய இடங்களில் அதை வேடிக்கை பார்க்கப் போனவர்களும் உண்டு.

நிலநடுக்கம் நடந்த இடத்துக்கு மிக அருகில் உள்ள இந்தோனேசியாவின் சிமெயுலுவே தீவில் சுமார் 78,000 பேர் இருந்தார்கள். இறந்தவர்கள் ஏழு பேர். 1907-இல் அங்கே ஒரு பேரலை வந்து பலரைக் கொண்டுபோயிருந்தது. ‘நிலம் பலமாக ஆடி, கடல் பின்வாங்கினால் மலைக்கு ஓடு’ என்று பாட்டிகள் பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டாகவும் கதையாகவும் சொல்லிவந்தார்கள். எச்சரிக்கைக் கருவி எதுவும் அங்கே இல்லை. நமக்கு இப்போது ஐதராபாத்தில் 2007 முதல் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. கருவி வந்துவிட்டது, கதை சொல்லும் பழக்கத்தையும் சேர்த்துக்கொள்வோம்.

புயலுக்கு ஒரு திட்டம், ஆலைக்கு ஒரு திட்டம், ஆற்றுக்கு ஒரு திட்டம் இருக்கிறதே. பிறகும் ஏன் மாட்டிக்கொள்கிறோம்?

அவை தனித்தனிக் கோப்புகளில் இருப்பதால். மிக்ஜாம் புயல் 2023 டிசம்பர் 5-இல் ஆந்திரத்தின் பாபட்லா அருகேதான் கரை கடந்தது. நம் மீது மழையைக் கொட்டிவிட்டுப் போனது. வெள்ளத்தோடு மணலிப் பக்கத்து எண்ணெய் கலந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்துக்கு வந்தது. வலை, படகு, அலையாத்தி வேர், வீட்டுச் சுவர் எல்லாம் கறுத்தன. மூன்று வாரம் கழித்து, டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, கப்பலிலிருந்து உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் இருமிக்கொண்டும் கண்ணைக் கசக்கிக்கொண்டும் தெருவுக்கு ஓடிவந்தார்கள். புயல் நேரத்து அலைகள் கடலடியில் பாறைகளை நகர்த்திக் குழாயைச் சேதப்படுத்தியிருக்கலாம் என்று பின்னர் ஆராய்ந்த வல்லுநர் குழு கருதியது.

புயல், வெள்ளம், எண்ணெய், வாயு என நான்கும் நான்கு துறைகளின் வேலை. வந்தது ஒரே சங்கிலியாக. ஒன்று நடந்தால் அடுத்து எது நடக்கும் என்று கேட்கும் மதிப்பீடுதான் இந்த மண்ணுக்குப் பொருந்தும்.

‘பூண்டியிலிருந்து இத்தனை ஆயிரம் கனஅடி திறப்பு’ என்று செய்தி வருகிறது. அதை வைத்து நாங்கள் என்ன புரிந்துகொள்வது?

செய்தியில் சொல்வது வினாடிக்கு எத்தனை கனஅடி நீர் வெளியேறுகிறது என்ற அளவு. ஒரு கனஅடி சுமார் 28 லிட்டர். பூண்டி நீர்த்தேக்கத்தின் உபரிநீர் கொசஸ்தலை வழியாகச் சடையன்குப்பம், மணலி புதுநகர்ப் பக்கம் வந்து எண்ணூரில் கடலை அடைகிறது. அந்த நேரத்தில் கடல் ஏற்றமாக இருந்தால் நீர் வடியத் தாமதமாகும். செய்தியில் வரும் எண் அணையின் மொழி. உங்களுக்கு வேண்டியது தெருவின் மொழி: போன முறை இத்தனை ஆயிரம் திறந்தபோது எந்த மின்கம்பம் வரை தண்ணீர் வந்தது, எத்தனை மணி நேரத்தில் வந்தது? கம்பத்தில் பெயிண்டால் கோடு போட்டு, தேதியையும் கனஅடியையும் எழுதிவையுங்கள். அடுத்த அறிவிப்பு வரும்போது அந்தக் கோடு பேசும்.

ஆலைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்க எங்களுக்கு உரிமை உண்டா?

உண்டு. போபாலுக்குப் பிறகு வந்த 1989-ஆம் ஆண்டு அபாயகர வேதிப்பொருள் விதிகளின்படி, பெரும் விபத்து நேர்ந்தால் பாதிக்கப்படக்கூடிய பகுதியில் உள்ளவர்களுக்கு விபத்தின் தன்மையையும் அப்போது செய்ய வேண்டியவை, செய்யக் கூடாதவை என்ன என்பதையும் ஆலை நேரடியாகவோ மாவட்ட அதிகாரிகள் வழியாகவோ சொல்லியாக வேண்டும். ஆலைக்குள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை. வெளியே ஊருக்கான திட்டத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒத்திகை. உங்கள் தெருவில் கடைசி ஒத்திகை எப்போது நடந்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். உயிர் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரம்.

இதையெல்லாம் சொன்னால் மக்கள் பீதி அடைய மாட்டார்களா?

நள்ளிரவில் கண் எரிந்து, என்ன வாயு என்றும் தெரியாமல், எந்தப் பக்கம் ஓடுவது என்றும் தெரியாமல் நிற்பதுதான் பீதி. முன்கூட்டிச் சொன்னதால் வந்த பீதியை நான் பார்த்ததில்லை. வாட்ஸ்ஆப் வதந்தி பரவுவதும் உண்மைத் தகவல் வராத இடத்தில்தான்.

படுக்கையில் இருக்கும் பெரியவர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள் வீட்டில் இருந்தால்?

அக்டோபருக்கு முன்பே தெருவாரியாக ஒரு பட்டியல் எழுதுங்கள்: யாரால் நடக்க முடியாது, யாருக்கு இன்ஹேலர் வேண்டும், யார் வீட்டில் ஆக்ஸிஜன் இயந்திரம் இருக்கிறது, யாரைத் தூக்கிச் செல்ல எந்த இரண்டு பேர். ஒரு பிரதி வார்டு அலுவலகத்திலும் ஒன்று தெருவில் ஆட்டோ வைத்திருப்பவரிடமும் இருக்கட்டும். அதன் தலைப்பில் 101 (தீயணைப்பு), 108 (ஆம்புலன்ஸ்), 112 (அவசர உதவி), 1070 (மாநிலப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை), 1077 (மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை) ஆகிய எண்களைக் கண்ணாடி இல்லாமலும் படிக்கும்படி பெரிதாக எழுதுங்கள்.